பசுவின் தலைக்கு ஐந்து வருடம்

இருபத்திரண்டு வருடமாக எட்வின் ஐவ்சன் ஒரு பசுமாட்டின் பின்பாதியாக இருந்து வந்தார்.

ரேவன்பெக் என்ற ஆங்கிலேயக் கிராமத்தின் கிறிஸ்துமஸ் நாடகம் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் நடக்கும். கதை எதுவாக இருந்தாலும் அதில் ப்ரிம்ரோஸ் என்கிற பசு வந்தாக வேண்டும். கடல்கொள்ளையர் கதை போட்ட வருடம்கூடக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு பசு ஆடியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பழுப்பும் வெள்ளையுமான துணித்தோலுக்குள் இரண்டு ஆண்கள். முன்னால் நிற்பவர் நிமிர்ந்து நிற்பார், தலை அவருடையது. இடது கையில் இருக்கும் கயிற்றை இழுத்தால் கண்ணிமை படபடக்கும், வலது கைக் கயிற்றுக்கு வாய் திறக்கும். பின்னால் இருப்பவர் இடுப்பை மடக்கி, முன்னவரின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் அவருடைய முதுகுப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கயிறு கிடையாது. ஒரு ரப்பர் பந்து உண்டு. அதை அமுக்கினால் மடியிலிருந்து பால் பீய்ச்சும்.

முன்பாதி கிளிஃபர்ட், கசாப்புக்கடைக்காரர். பின்பாதி எட்வின், ஓய்வுபெற்ற தபால்காரர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், எழுபதைத் தொட்டவர்கள்.

எட்வினுக்கு நியூசிலாந்தில் ஓர் அக்கா இருந்தாள். எனிட். கல்யாணமாகிக் கப்பலேறியவள் முப்பது வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. மாதம் ஒரு கடிதம் மட்டும் தவறாது. நாடகத்தில் மாடாக நடிக்கிறேன் என்று முதல் வருடம் எட்வின் எழுதியபோது, வசனம் உண்டா என்று அவள் கேட்டிருந்தாள். வசனம் இல்லை, ஆனால் கண்ணிமையை நான்தான் ஆட்டுகிறேன் என்று அவர் பதில் போட்டார். ஏன் அப்படி எழுதினார் என்று அவருக்கே தெரியாது. பேனா எழுதிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் இமை ஆட்டியது எப்படி, கூட்டம் சிரித்தது எப்படி என்று ஒரு பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

அதனால்தான் 2017 ஜூன் மாதம், பொதுத்தேர்தல் முடிந்த மறுநாள், கறுப்புக் கிடா மதுக்கடையில் எட்வின் வாயைத் திறந்தார்.

“பிரதமரே ரெண்டு வருஷத்துல மறுபடி ஓட்டுக் கேட்டு வராங்க. மாட்டுத் தலை மட்டும் எதுக்குடா நிரந்தரம்? அதுக்கும் ஒரு காலக்கெடு வேணும்.”

கிளிஃபர்ட் பீர் நுரையைத் துடைத்துக்கொண்டார். “வேணும்னா போட்டுக்க. நாட்டுக்கு என்னவோ அதுதான் மாட்டுக்கும். சட்டப்படி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல்.”

“அஞ்சு ரொம்ப நீளம். நடுவுல தலை சரியில்லைன்னா?”

“பொறுத்துக்கணும். அதுக்குப் பேருதான் நிலைத்தன்மை. தேதி முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா எல்லாரும் நிம்மதியா அவங்கவங்க வேலையப் பாப்பாங்க. தேதிய தலை கையில குடுத்துப் பாரு, தனக்கு எப்ப வாகா இருக்கோ அப்பத்தான் வைப்பான்.”

“நீ இருபது வருஷமா அதத்தானே பண்ற.”

“நான் தேதியே வைக்கலியே.”

“அதான் சொல்றேன். நடுவுல மாத்த ஒரு வழி இருக்கணும். இல்லேன்னா அசட்டுத் தலை ஒண்ணு மாட்டிக்கிட்டா அஞ்சு வருஷமும் மாடு சுவத்துல முட்டிக்கிட்டே திரியும்.”

“அதெல்லாம் இந்த வருஷ விபத்துப்பா. இனிமே நடக்காது. அடுத்தது 2022தான். எழுது.”

பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையின் பின்புறத்தில் கிளிஃபர்டே எழுதினார். “ப்ரிம்ரோஸின் தலை கிளிஃபர்டுக்கு. அடுத்த பொதுத்தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்ததும் தலையும் வாலும் இடம் மாறும். அதன் பின் தேர்தலுக்குத் தேர்தல் இப்படியே.” இருவரும் கையெழுத்திட்டார்கள். கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் குத்திவைத்தார். 2022இல் தன் இடுப்பு எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே எட்வின் வீட்டுக்கு நடந்தார்.

2019 இலையுதிர்காலத்தில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. எனிட் டிக்கெட் எடுத்துவிட்டாள். டிசம்பர் ஒன்பதாம் தேதி வருகிறாள், கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்பிவிடுவாள், வருவதே ப்ரிம்ரோஸைப் பார்க்கத்தான். இன்னொரு செய்தி, நாட்டுக்குப் பொதுத்தேர்தல். டிசம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை.

நாடகமும் அதே வியாழக்கிழமைதான்.

ஊர் மண்டபத்தின் செயலாளரும் ஹில்டாதான், நாடகத்தை எழுதி நடத்துபவளும் ஹில்டாதான். மண்டபத்துக்கு யார் எப்போது வரலாம் என்பது அவளுடைய தடித்த டைரியில் மையில் எழுதப்பட்டிருக்கும், பென்சிலை அவள் நம்புவதில்லை. அடுத்த தேர்தலை 2022 மே ஐந்தாம் தேதிப் பக்கத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டு வைத்திருந்தாள். இப்போது அந்த டைரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதுக்கடைக்குள் வந்தாள்.

“சட்டம் போட்டாங்க, நம்பி மையில எழுதினேன். தேதின்னு ஒண்ணு சொன்னா அதுல நிக்க வேண்டாமா? என் மண்டபத்துல ஒரு பேட்மின்டன் குழு இப்படிப் பண்ணியிருந்தா சாவிய வாங்கி வச்சிருப்பேன்.”

மண்டபம்தான் ஊரின் வாக்குச்சாவடி. காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து வரை அதில் வேறு எதுவும் நடக்க முடியாது.

எட்வின் எழுந்துபோய் ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கிளிஃபர்ட் அதைப் பார்த்தார். அவருடைய முகம் ஆட்டுத்தொடையின் நிறத்துக்கு மாறியது.

“இது செல்லாது. எழுதினப்ப நம்ம மனசுல இருந்தது அஞ்சு வருஷம்.”

“அட்டையில அஞ்சுன்னு எங்க இருக்கு?”

“சட்டத்துல இருக்குடா.”

“சட்டத்துல இருந்துச்சு. பார்லிமென்ட்டுல மூணு தடவ முன்கூட்டித் தேர்தல் முடியாதுன்னாங்க. நாலாவது தடவ அந்தச் சட்டத்த அப்படியே வச்சுட்டு, பக்கத்துலயே குட்டியா இன்னொரு சட்டம் போட்டுத் தாண்டிட்டாங்க. பார்லிமென்ட்டே தாண்டுது, மாடு தாண்டாதா?”

“அன்னிக்கு யாரு அஞ்சு வருஷம் வேணும்னது, யாரு நடுவுல மாத்தணும்னது?” என்றாள் ஹில்டா. “ரெண்டு பேரும் இப்ப அப்படியே எதிர்ப்பக்கம் நிக்கிறீங்க.”

“சூழ்நிலை மாறிடுச்சு,” என்றார் கிளிஃபர்ட்.

“ஆமா,” என்றார் எட்வின். இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

கிளிஃபர்ட் அட்டையை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு முறை படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“வாக்குப்பதிவு முடிஞ்சதும்னு இருக்கு. அது பத்து மணி. நம்ம நாடகம் ஏழுக்கு ஆரம்பிச்சு ஒன்பதரைக்கு முடிஞ்சுடும். இந்த வருஷம் தலை நான்தான். அடுத்த வருஷம் நீ தாராளமா எடுத்துக்க.”

“வியாழக்கிழமை நாடகமே இல்லயே. மண்டபம் அரசாங்கத்துக்குப் போயாச்சு. வெள்ளிக்கிழமைதான் போடணும்.” எட்வின் ஹில்டாவைப் பார்த்தார்.

ஹில்டா டைரியைப் புரட்டினாள். “வெள்ளிக்கிழமை பென்ஷன்காரங்க கிறிஸ்துமஸ் விருந்து. சனிக்கிழமை மாட்டுத்தோலப் பக்கத்து ஊருக்குக் குடுக்கறதா வாக்குக் குடுத்தாச்சு. பாப்போம்.”

பார்ப்பதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குள் கிளிஃபர்ட் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த கால்நடை ஏலக்கூடத்தைப் பேசி முடித்துவிட்டார். செவ்வாய் மாட்டு ஏலம், வெள்ளி ஆட்டு ஏலம், வியாழன் காலி. வட்டமாகப் படிக்கட்டு இருக்கைகள், நடுவில் மரத்தூள் தூவிய களம், சூடேற்றும் வசதிகூட உண்டு. ஹில்டா டைரியில் ஏழு மணி என்று மையில் எழுதினாள். காரியம் முடிந்தது.

அக்கா வருகிறாள், இந்த ஒருமுறை விட்டுக்கொடு என்று கிளிஃபர்டிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்வின் கேட்கவில்லை.

எனிட் வந்தாள். எழுபத்தாறு வயது, சிவப்பு மழைக்கோட்டு, ரயில் நிலையத்திலிருந்தே தேர்தல் பேச்சு.

“எங்க ஊர்ல மூணே வருஷந்தான் தம்பி. மொத வருஷம் முன்னாடி இருந்தவனத் திட்டுவான். ரெண்டாவது வருஷம் கொஞ்சம் வேலை பாப்பான். மூணாவது வருஷம் வாசல்ல வந்து நிப்பான்.”

“அப்ப அஞ்சு வருஷம் நல்லதுதானேக்கா?”

“அஞ்சு வருஷம்னா நாலு வருஷம் திட்டுவான்.” அவள் சன்னலில் வந்துபோன ஆடுகளைப் பார்த்தாள். “அது கிடக்கட்டும். இமை எப்படி இருக்கு? நல்லா ஆடுதா?”

“ஆடுது,” என்றார் எட்வின்.

அவருக்கு அந்த யோசனை வியாழக்கிழமை பிற்பகல், வாக்களித்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே வரும்போது வந்தது. வாசலில் வாக்குச்சாவடிப் பலகை. எதிரே ஏலக்கூடம். இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருபது அடிச் சாலை. இந்தக் கதவு பத்து மணிக்குச் சாத்தப்படும்போது அந்தக் கதவுக்குள் நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்? தேர்தல் தேதியைத் தலைவர்கள் இழுத்து முன்னால் கொண்டுவரலாம் என்றால், நாடகத்தை ஒரு வால் இழுத்துப் பின்னால் கொண்டுபோகக் கூடாதா?

நாடகம் ஏழு ஐந்துக்குத் தொடங்கியது. ஏலக்கூடம் நிரம்பி வழிந்தது. ஏலக்காரரின் மேடைக்கு மேலே பெரிய கடிகாரம் ஒன்று தொங்கியது. தோலுக்குள் ஒரு கிழிசல் இருந்ததால் எட்வினால் அதைப் பார்க்க முடிந்தது. இடைவேளைத் தேநீரும் பரிசுச்சீட்டுக் குலுக்கலும் வழக்கம்போல் நீண்டன. ஆனாலும் ஒன்பது பத்துக்குப் பால் கறக்கும் காட்சி வந்துவிட்டது. பால்காரிப் பெண் வாளியை வைத்தாள். அதன் பிறகு ஒரு பாட்டு, ஓர் ஊர்வலம், அவ்வளவுதான் மிச்சம்.

பால் வரவில்லை.

“பந்த அமுக்குடா,” என்றார் கிளிஃபர்ட் கிசுகிசுப்பாக.

எட்வின் பந்தை அமுக்கவில்லை. மெல்லக் குந்தி, மரத்தூளில் உட்கார்ந்தார். பெல்ட் அவர் கையில் இருந்ததால் கிளிஃபர்டும் உட்கார வேண்டியதாயிற்று. ப்ரிம்ரோஸ் தன் வரலாற்றில் முதல்முறையாகப் படுத்தது. கூட்டம் ஆரவாரித்தது.

“என்னடா பண்ற?”

“மாட்டுக்கு அசதி.”

“எந்திரி.”

“இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு.”

கிளிஃபர்டுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவர் எழ முயன்றார். பின்கால்கள் எழவில்லை. முன்கால்கள் மட்டும் எழுந்து நின்றன. மாடு நாயைப் போல உட்கார்ந்திருந்தது. பாதிக் கூட்டம் “எழுப்பு” என்றது, மீதிக் கூட்டம் “தூங்கவிடு” என்றது. இது ஒத்திகையில் இல்லை என்று திரைக்குப் பின்னாலிருந்து ஹில்டா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

உதவி எட்வின் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கால்நடை மருத்துவர், உற்சாகம் தாங்காமல் களத்துக்குள் இறங்கி வந்து, ப்ரிம்ரோஸின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். “கன்னு போட இன்னும் அரை மணி நேரம் ஆகும்,” என்று அறிவித்தார். அதற்குள் ஏலக்காரரும் சும்மா இருக்க முடியாமல் சுத்தியலை எடுத்துவிட்டார். சினைமாடு, சாதுவானது, சற்றே சோம்பேறி, யார் கேட்கிறீர்கள்? வாழ்நாள் முழுக்க அவர் முன்னால் கையசைத்துப் பழகிய விவசாயிகளால் கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒருவர் இரண்டு பூசணிக்காய் என்றார். இன்னொருவர் தன் மாமியாரைத் தருகிறேன் என்றார்.

தோலுக்குள் இருட்டு, வெக்கை, பழைய கம்பளி வாசனை.

“எதுக்குடா இவ்வளவு பிடிவாதம்? அடுத்த வருஷம் உனக்குத்தானே?”

எட்வினுக்கு மூச்சு வாங்கியது. “அக்கா அடுத்த வருஷம் வர மாட்டா. நான்தான் தலைன்னு அவளுக்கு எழுதிட்டேன்.”

“எப்ப?”

“இருபத்திரண்டு வருஷமா.”

வெளியே மாமியார் விலைபோகவில்லை.

“மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?”

கிளிஃபர்ட் நேர்மையாக யோசித்தார். “இல்ல,” என்றார்.

கடிகாரம் பத்து அடித்தது. எட்வின் தோலின் பக்கவாட்டுக் கொக்கியைக் கழற்றித் தலையை வெளியே நீட்டினார். பசுவின் விலாவிலிருந்து ஒரு வழுக்கைத் தலை முளைத்ததைக் கண்டு முன்வரிசைக் குழந்தைகள் கன்று பிறந்துவிட்டதாகக் கைதட்டினார்கள்.

“பத்து ஆச்சு. இடம் மாறணும்.”

பசுவின் கழுத்தைக் கழற்றிவிட்டுக் கிளிஃபர்டும் வெளியே வந்தார். “அந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் முந்திப் போகும். ஆளுங்க ஏலத்துக்கு நேரத்தோட வரணும்னு இவரு அப்படித்தான் வச்சிருக்காரு. ஊருக்கே தெரியும். இன்னும் ஒன்பது அம்பத்தஞ்சுதான்.”

ஏலக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மதுக்கடை அட்டையின் கதை ஊர் முழுக்கத் தெரிந்ததுதான் என்பதால் என்ன வழக்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி வரிசை இரண்டாகப் பிரிந்து வாதாடத் தொடங்கியது. மாட்டுக்கு ஒரு தலை போதும், இரண்டும் வெளியே வந்துவிட்டனவே என்றான் ஒருவன்.

ஹில்டா களத்துக்கு நடுவே வந்து நின்றாள். “எந்தக் கடிகாரமும் வேண்டாம். என் மண்டபக் கதவு எப்பச் சாத்துதோ அப்பத்தான் வாக்குப்பதிவு முடியுது. வாசல்ல இருக்கறவங்க பாத்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் எல்லாரும் பாடுங்க.”

ஊரே பாடியது. மூன்றாவது பாட்டின் நடுவில் வாசலில் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினாள். “சாத்திட்டாங்க. பலகையக் கழட்டறாங்க.”

இரண்டு கிழவர்களும் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் போனார்கள். மிச்சமிருந்தது ஊர்வலம் மட்டும்தான், களத்தை ஒருமுறை சுற்றிவர வேண்டும். எட்வின் தலையை மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் கேள்விப்படாத ஒரு விஷயம் அப்போதுதான் தெரியவந்தது. தலைக்குள்ளிருந்து எதுவுமே தெரியவில்லை. மூக்குத் துவாரத்தின் வழியாகக் கொஞ்சம் மரத்தூளும் தன் சொந்தக் கால்களும் தெரிந்தன. அவ்வளவுதான்.

“எப்படிடா இத்தன வருஷம் நடந்த?”

“ஒரு குத்துமதிப்புதான்,” என்றது பின்னாலிருந்து வந்த குரல். “நீ பின்னாடி இருந்து இழுத்து நேராக்கிடுவ. நட.”

எட்வின் நடந்தார். இடது கயிற்றை இழுத்தார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு மூக்குத் துவாரம் வழியாக உள்ளே வந்து அவர் காதில் விழுந்தது. மீண்டும் இழுத்தார். அக்கா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் இமையை ஆட்டினார். அந்தப் பரவசத்தில் வளைய வேண்டிய இடத்தில் வளையவில்லை. ஏலத்துக்கு வரும் மாடுகள் எல்லாம் போகும் வழியில், திறந்திருந்த இரும்புக் கதவு வழியே, நேராகப் போய் எடைமேடையில் ஏறி நின்றார். ஏலக்காரரின் தலைக்கு மேலே பலகையில் சிவப்பு எண்கள் எரிந்தன. நூற்று அறுபத்தெட்டு கிலோ. இளைத்த மாடு என்று தீர்ப்பளித்து, ஏலக்காரர் சுத்தியலைத் தட்டினார். நாடகம் பத்து பதினேழுக்கு முடிந்தது.

தேநீர் மேசையருகே எனிட் காத்திருந்தாள். எட்வினின் முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

“இமை பாத்தியாக்கா?”

“பாத்தேன். கடைசி நாலு நிமிஷம் பாத்தேன்.” அவள் சர்க்கரையைக் கலக்கினாள். “அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் பின்னங்காலப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

எட்வின் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீ அனுப்பின மொத போட்டோவுலயே தெரிஞ்சுது தம்பி. பின்னங்கால் ரெண்டும் உள்பக்கமாத் திரும்பியிருந்துச்சு. நடக்கப் பழகின நாள்லேருந்து நீ அப்படித்தான நிப்ப. அத்தான்கிட்டகூடக் காட்டினேன், இதான் என் தம்பி, வால் இருக்கற பக்கம்னு.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் எழுதல?”

“நீ இமையப் பத்தி ரொம்ப நல்லா எழுதுவ,” என்றாள் எனிட். “மாடு உக்காந்துச்சு பாரு, அதுக்குத்தான் நான் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சேன். அது நீதானே?”

“நான்தான்.”

அப்போது கிளிஃபர்ட் வந்து சேர்ந்தார். அவர் இன்னும் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே நடந்து வந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு நிமிஷம்டா எட்வின். நாலே நிமிஷம். நீ எப்படி இருபத்திரண்டு வருஷம்...” முடிக்காமல் நிறுத்தினார். பிறகு, கேட்கப் பிடிக்காமல் கேட்டார். “அடுத்த தேர்தல் எப்ப?”

பக்கத்தில் துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஹில்டா பையிலிருந்து டைரியை எடுத்தாள். விரலால் கணக்குப் போட்டாள். “2024. மே ரெண்டாம் தேதி, வியாழக்கிழமை. சட்டப்படி.”

“அஞ்சு வருஷமெல்லாம் அநியாயம்,” என்றார் கிளிஃபர்ட் தரையை நோக்கி. “நடுவுல மாத்தறதுக்கு ஒரு வழி இருக்கணும். தலைக்குக் கண்ணே தெரியல. எடைமேடையில கொண்டுபோய் நிறுத்தறான். இப்படி ஒரு தலைய அஞ்சு வருஷம் யாரு பொறுத்துக்குவா?”

“பொறுத்துக்கணும்பா,” என்றார் எட்வின். “அதுக்குப் பேருதான் நிலைத்தன்மை.”

ஹில்டா பேனாவின் மூடியைத் திறந்தாள். தாளின் மேல் அது ஒரு கணம் தயங்கியது. பிறகு அவள் அதை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, எட்வினைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“பென்சில் இருக்கா கண்ணு?”